காசிப் படிகளில் அம்மா

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தேய்பிறை அஷ்டமியில் அதியமான்கோட்டை தட்சிண காசி காலபைரவருக்குப் பூசணிக்காய் விளக்கு ஏற்றி அம்மா வேண்டிக்கொண்டார். "என் பிள்ளை எழுந்து நடக்கட்டும் சாமி, காசிக்கே வந்து உன்னைப் பார்க்கிறேன்." பைரவர் கொடுத்துவிட்டார். மாசியில் தம்பியையும் கூட்டிக்கொண்டு தர்மபுரியிலிருந்து கிளம்பினோம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. நம்ம ஊரே கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, காசி ஏறக்குறைய 80 மீட்டர்தான். சமவெளி என்றாலும் ஊர் கங்கையின் மேற்குக் கரை மேட்டில் இருப்பதால், குளிக்கப் போனால் படி படியாக இறங்கி, அத்தனையும் ஏற வேண்டும். எதிர்க்கரை தாழ்வான மணல்வெளி. கங்கையின் வெள்ள அபாய அளவு இங்கே கடல் மட்டத்திலிருந்து 71.26 மீட்டர், மழைக்காலத்தில் படித்துறைகள் முழுகினாலும் விசுவநாதர் மேட்டில் இருக்கிறார். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறாள். படியில் நின்றால் நேர் எதிரே சூரியோதயம். ஈசன் இடம் பார்த்துத்தான் அமர்ந்திருக்கிறான்!

ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, "சிவ சிவா" என்றபடியே அம்மா இறங்கினார். தூக்கிக்கொள்கிறேன் என்று தம்பி சொன்னதற்கு, "உனக்காகத்தான்டா வந்தேன், நானே நடக்கிறேன்" என்றுவிட்டார்.

தமிழிலேயே பேசி ஒட்டிக்கொண்ட ஒரு தரகர், சங்கல்பத்துக்குச் சொன்னது ஒரு தொகை, முடிந்ததும் கேட்டது வேறு. புண்ணிய பூமியில் மனசு நொந்துபோனது. போகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

விசுவநாதர் சன்னதியில் நின்றது ஒரு நொடி. அதற்குள் தள்ளிவிட்டார்கள். அப்புறம் சந்துக்குள் நெரிசலில் காசியின் காவலரான காலபைரவரைத் தேடிப் போனோம். வெள்ளி முகம், கழுத்து கொள்ளாத மாலை. அம்மா எதுவும் கேட்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "கூட்டிட்டு வந்துட்டேன் சாமி, பாத்துக்க." அவ்வளவுதான். குருக்கள் தம்பியின் முதுகில் மயிற்பீலியால் தட்டிக் கறுப்புக் கயிறு கட்டினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. எந்தப் பக்கமாக வெளியே வந்தோம், செருப்பு எங்கே, ஒன்றும் நினைவில்லை.

காலபைரவா, தம்பி நடக்கிறான். அம்மா அத்தனை படியும் ஏறிவிட்டார். உனக்குக் கோடி நமஸ்காரம்.