எங்கள் வகையறா உடம்பும் ஒரு எச்சில் டெஸ்ட்டும்

எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் ஒரே வாகு. அப்பத்தா, அத்தைகள், சித்தப்பா என்று திரும்பி நிற்க வைத்தால் யார் யாரென்று சொல்வது கஷ்டம். அதனால் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் 90 கிலோவைத் தாண்டியபோது, "நம்ம வகையறாவே அப்படித்தாம்மா" என்று பெரிய அத்தை பேச்சை முடித்துவிட்டார். என் கணவர் வீட்டு ஆட்களோ ராத்திரி பத்து மணிக்குச் சால்னா ஊற்றி அடுக்கடுக்காகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஒட்டின வயிற்றோடு தூங்குகிறவர்கள். ஒரே அடுப்படிச் சாப்பாடு, எனக்கு மட்டும் ஏன் உடம்பில் ஒட்டுகிறது என்பதுதான் எரிச்சல்.

அண்ணாநகர் பக்கம் ஒரு டாக்டரைப் பார்த்தோம். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சரி, சர்க்கரைதான் எல்லையில் நின்றது. நம் ஆட்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு, 25 வந்தாலே உடல் பருமன் கணக்குதான், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார். டேப்பை நான் எட்டிப் பார்க்கவே இல்லை.

இதற்கு நடுவில் ஜிம்மில் "உங்க டிஎன்ஏவுக்கு ஏத்த டயட்" என்று ஒரு டெஸ்ட் விற்றார்கள். சின்னக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான், காசுதான் கொஞ்சம் கனம். சில வாரங்கள் கழித்து வழவழப்பான ரிப்போர்ட் வந்தது. எஃப்டிஓ என்ற மரபணுவில் எடை கூட்டும் வகை எனக்கு அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்திருக்கிறதாம், அதனால் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டுமாம். அத்தை சொன்னதை இங்கிலீஷில் அச்சடித்து வாங்கின மாதிரி இருந்தது.

டாக்டரிடம் நீட்டினேன். முதல் பக்கம் உண்மைதான், டயட் பக்கத்தை மூடி வையுங்கள் என்றார். இந்த எஃப்டிஓ சங்கதி 2007இல் தெரிய வந்தது. ஐரோப்பியர்களிடம் பார்த்ததில், இரண்டு பக்கமும் அந்த வகை உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் அதிகம். வெறும் மூன்று! மீதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, எடையோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுக்களில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்க்கும் என்றார். 1990இல் கனடாவில் 12 ஜோடி ஒரே கரு இரட்டையர்களுக்கு வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்களாம். சிலருக்கு 4 கிலோ ஏறியது, சிலருக்கு 13. ஆனால் ஒரே ஜோடிக்குள் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏறியிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குள் இருந்த பாதிக் குற்ற உணர்ச்சி கழன்று விழுந்தது, உண்மையாகவே.

டயட் பக்கத்தை ஏன் மூடச் சொன்னார் என்றால், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், யாருக்கு மாவுச்சத்தைக் குறைப்பது பலிக்கும், யாருக்குக் கொழுப்பைக் குறைப்பது பலிக்கும் என்பதை மரபணுவை வைத்துச் சொல்ல முடியவில்லை. எஃப்டிஓ வகை இருப்பவர்களும் முயன்றால் மற்றவர்கள் அளவுக்கு இளைக்கிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான்.

எனக்கு உதவியது வேறொன்று. இந்த மரபணு முக்கியமாக வேலை காட்டுவது பசியில், உடம்பு கலோரியை எரிக்கும் வேகத்தில் இல்லை. வயிறு நிறைந்த சேதி எனக்கு லேட்டாக வருகிறது, கணவருக்கு ரெண்டாவது தோசையிலேயே வந்துவிடுகிறது. சரி, அப்படியென்றால் என் வயிறு சொல்வதை நம்பிச் சாப்பிடக் கூடாது என்று ஏழரை மணிக்கே சுண்டலோ முட்டையோ மீனோ முதலில் வைத்து, பிறகு அளந்து சோறு போட்டு முடித்துவிடுவேன், பரோட்டாப் பொட்டலம் வாசலுக்கு வரும்போது நான் பல் விளக்கியிருப்பேன். மாமியார்தான் "ஒரு வாய் சாப்பிடுத்தா" என்று கடைசி வரை விடவில்லை. காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை.

முதலில் மளமளவென்று இறங்கியது, அப்புறம் முள் நகரவே இல்லை. இளைக்கும்போது கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையுமாம், மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டிக் கலோரிச் செலவைக் குறைக்குமாம். அமெரிக்க டிவி போட்டியில் தாறுமாறாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போது எரியவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரிந்ததாம். தசையை விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் இப்போது டம்பெல்ஸ் தூக்குகிறேன், எடை இன்னும் 80 கிலோவுக்குக் கீழே போகவில்லை.

சித்தப்பா மகளும் அதே எச்சில் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், தைராய்டும் சர்க்கரையும் பார், அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கி நட என்றேன். அவள் பையன் விஷயம் வேறு, நாலு வயதுகூட ஆகவில்லை, சாப்பிட்டு எழுந்த உடனே பசி என்று அழுகிறான். ஐந்து வயதுக்கு முன்பே இப்படி அடங்காத பசியும் பருமனும் வந்தால் எம்சி4ஆர் போன்ற ஒற்றை மரபணுக் கோளாறா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனை அடுத்த வாரம் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்.