நாற்பது நொடிக் குரல்

சேலம் அஸ்தம்பட்டியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ரீசார்ஜ், ரயில் டிக்கெட்டும் உண்டு. ஏற்காடு பஸ் இந்த வழியாகப் போவதால் எஸ்டேட் ஆட்கள் ஞாயிறு அன்று வந்து ஊருக்குப் பணம் போட்டுவிட்டுப் போவார்கள். கடை மூடிய பிறகு நானும் மூன்று நண்பர்களும் வேறொரு வேலை பார்க்கிறோம். பிழைக்க வந்த இடத்தில் குடும்பத்தைத் தவறவிட்டவர்களுக்கு, போனையும் கம்ப்யூட்டரையும் வைத்துச் சொந்தக்காரர்களைத் தேடித் தருகிறோம். காசு வாங்குவதில்லை.

மார்ச் மாதம் செல்வி அக்கா ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். "தம்பி, இந்தப் புள்ள மூணு மாசமா எங்க லைன் வீட்டுலதான் இருக்குது. காப்பிப் பழம் பறிக்க வந்துச்சு. ராத்திரியானா அழுவுது. என்னன்னு கேளுப்பா."

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். டிசம்பரில் தன்பாத்–ஆலப்புழா வண்டியில் கணவன், மூன்று வயது மகளோடு வந்திருக்கிறாள். சேலம் ஜங்ஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினாள். குழாயடியில் கூட்டம். திரும்பிப் பார்த்தால் வண்டி நகர்ந்துவிட்டது. போன் கணவனிடம். அவன் நம்பர் அவளுக்குத் தெரியாது.

பெயர் எத்வாரி. (நான் மாற்றி வைத்த பெயர்தான், ஆனால் சிக்கல் இதே சிக்கல்.) ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள் என்று அர்த்தம். ஒருவர் இத்வாரி என்று எழுதுவார், இன்னொருவர் ஏட்வாரி என்பார். பெயருக்குப் பின்னால் வரும் உராவ் என்ற இனப் பெயர், ஓரான் ஆகிவிடும். கணவன் கேரளாவில் அன்றே புகார் கொடுத்திருந்தான். நாங்கள் தேடியபோது அது கிடைக்கவே இல்லை. எழுத்து வேறு.

2011-இல் ஜப்பான் சுனாமியின்போது, முகாம் சுவர்களில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்களை மக்கள் படம் பிடித்து அனுப்ப, தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் காணாமல் போனவர்களைத் தேடும் கூகுள் பர்சன் ஃபைண்டர் தளத்தில் தட்டச்சு செய்தார்கள். 2018-இல் அமெரிக்க எல்லையில் பிரிக்கப்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் இணைத்துக் காட்ட அரசிடம் ஒழுங்கான பதிவே இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட தாய் தகப்பனைத் தேடி குவாத்தமாலா, ஹோண்டுராஸ் கிராமங்களுக்கு ஆட்கள் நேரில் போக வேண்டியிருந்தது. பட்டியல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஒரு மனிதர்தான் நடக்க வேண்டும் என்று நான் நம்புவது இதனால்தான்.

அன்று எத்வாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏதோ முனகினாள். 'கன்' என்பது போலக் காதில் விழுந்தது. என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன், தலையாட்டினாள். பல்லைத் தொட்டேன். "பல்" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பதாவது படிக்கும் மகள் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள்: வட திராவிட மொழிகள், குரூக், மால்தோ, பிராகுயி. குரூக் பேசும் உராவ் மக்கள் ஜார்க்கண்டில் கும்லா, லோஹர்தகா பக்கம் நிறைய. சரி, தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

அவள் படத்தைக் குரூப்களில் போடலாம் என்றார்கள் நண்பர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக இருக்கும் பெண்ணின் முகமும் இருக்கும் இடமும் ஒன்றாக யார் கைக்கும் போகக் கூடாது. செஞ்சிலுவைச் சங்கம் ஐரோப்பாவில் 'ட்ரேஸ் த ஃபேஸ்' என்று படம் போட்டுச் சொந்தங்களைத் தேடும் பக்கம் நடத்தும்போதுகூடப் படத்தோடு 'அம்மாவைத் தேடுகிறேன்', 'தம்பியைத் தேடுகிறேன்' என்றுதான் போடுகிறது, பெயரைப் போடுவதில்லை. நாங்கள் அவள் குரலை மட்டும் பதிவு செய்தோம், நாற்பது நொடி. அவள் மொழியிலேயே ஊர், சந்தை கூடும் கிழமை, அண்ணன் பெயர். ராஞ்சியில் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒருவருக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் இரவு அந்த அண்ணனே கூப்பிட்டார். கணவன் பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில் இருந்தான், குழந்தையோடு. மறுநாளே புறப்பட்டு வந்தான். குழந்தை அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எத்வாரி அதைத் தூக்கப் போகவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து ஏதோ மெல்லப் பாடினாள். இரண்டு டீ ஆறும் நேரம் ஆயிற்று, அது மடிக்கு வர.

அவன் வரும்வரை என் மகள் அவளுக்குக் கணவனின் நம்பரை மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். ஜங்ஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணையும் சொன்னாள். கடைசி இரண்டு மாறிப் போயிற்று. பிளாட்பாரத்தில் கூடவே ஓடித் திருத்தினேன். சரியாகத் திருப்பிச் சொன்னாள்.