அறுவை சிகிச்சைக்கு முந்தைய உணவு

வாய்ப்புற்றுநோய் உறுதியானதும் சேலத்திலும் ஏற்காட்டு மலையூர்களிலும் குடும்பத்தார் அறுவை சிகிச்சை எப்போது என்றே கேட்கிறார்கள். நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. புண்ணின் வலியாலும், பாக்கு மென்று மென்று இறுகித் திறக்க மறுக்கும் வாயாலும் அவர் பல வாரங்களாகக் கஞ்சியிலேயே காலம் தள்ளியிருப்பார். நம் ஊரில் அது பெரும்பாலும் ஜவ்வரிசிக் கஞ்சி. மரவள்ளிக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசியில் ஏறக்குறைய மாவுச்சத்து மட்டுமே உண்டு. தையல் போட்ட இடம் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் தேவையான புரதம் அதில் இல்லையென்றே சொல்லலாம். அன்போடு காய்ச்சிக் கொடுப்பவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. முட்டை, பால், தயிர், நன்கு மசித்த பருப்பு ஆகியவற்றைச் சேருங்கள்.

ஆறு மாதத்தில் உடல் எடை 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தாவது 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுப்பது தகும் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். விழுங்கவே முடியாதவருக்கு மூக்குவழிக் குழாய் வைத்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக ஊட்டம் ஏற்றினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.