பேய் இருந்தால் வாடகை கூடுதல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவிலிருந்து சவானா என்ற பழைய துறைமுக ஊர் காரில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அதில் முக்கால்வாசி பைன் மரம்தான். காரைக்குடியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி, "ரூம் எவ்வளவுடா?"

ஓட்டல் வேண்டாம், பழைய வீட்டை விடுதியாக்கியிருப்பார்களே, அதில் தங்கினால்தான் சவானா என்று மனைவி ஒரே பிடியாக இருந்தாள். ஒரு ராத்திரிக்கு 300 டாலருக்கு மேல். அம்மா மனசுக்குள் அதை ரூபாயாக்கிப் பெருக்குவது கண்ணாடியில் தெரிந்தது.

வீடு அழகுதான், மறுப்பதற்கில்லை. செங்கல் சுவர், தெருவிலிருந்தே ஏறும் வளைந்த இரும்புப் படி. உள்ளே லிஃப்ட் கிடையாது, அறை மூன்றாவது மாடியில். படிக்கு ஒரு கிறீச்சு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கட்டில் அவ்வளவு உயரம். ஏறுவதற்கென்றே பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அம்மா கட்டிலின் தேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஆயா வீட்டுல இதைவிடப் பெரிய கட்டில் கிடக்கு. வௌவால்தான் குடியிருக்கு" என்றார்.

அப்புறம் விடுதிக்கார அம்மாள் வந்தார். ஸ்தல புராணம் சொல்லும் குரலில், இந்த மாடியில் ஒரு கப்பல் கேப்டனின் மனைவி உலாவுகிறாள், வெள்ளை உடை, விரித்த கூந்தல், கெடுதல் எதுவும் செய்யமாட்டாள் என்றார். மொழிபெயர்த்தேன்.

"பேய் இருக்குன்னா வாடகையைக் குறைக்கணும்ல?"

இல்லைம்மா, இங்கே அதற்குத்தான் கூடுதல் என்றேன். அம்மா நம்பவில்லை. காரைக்குடியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் சலங்கைச் சத்தம் கேட்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டு, பதினாலு வருஷம் ஆள் வராமல் கிடந்து, கடைசியில் உரக் கிடங்குக்கு அடிமாட்டு விலையில் போனது. சாயங்காலம் தெருவில் கூரையை வெட்டி எடுத்த ஒரு அமரர் ஊர்தி, எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேய்ச் சுற்றுலா போனபோதுதான் வாயடைத்துப் போனார். "காசு குடுத்தா அதுல ஏறுறாங்க?"

ஊர் நடப்பதற்கென்றே அளந்து போட்டது. 1733-இல் ஓக்லெத்தார்ப் என்பவர் வந்து இறங்கி, சதுரம் சதுரமாகத் திடல் விட்டு ஊரை அமைத்தார். மொத்தம் 24 ஆன திடல்களில் 22 இன்னும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஓக் மரம், மரமெல்லாம் நரைத்த சடை. ஸ்பானிஷ் பாசி என்று பெயர், ஆனால் ஸ்பெயினும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி.

இவ்வளவு பழைய வீடுகள் எப்படித் தப்பின? அமெரிக்க உள்நாட்டுப் போரில் அட்லாண்டாவை எரித்துவிட்டு வந்த வடக்குப் படைத் தளபதி ஷெர்மன், எதிர்ப்பில்லாமல் சரணடைந்த சவானாவை எரிக்காமல், 1864 டிசம்பரில் லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதாகத் தந்தி அடித்துவிட்டார். பிறகு ஊர்க்காரர்களே இடிக்க ஆரம்பித்தார்கள். 1954-இல் பழைய சந்தையை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்ட, அடுத்த வருஷமே ஏழு பெண்கள் சேர்ந்து டேவன்போர்ட் வீட்டை இடிபடாமல் காப்பாற்றினார்கள்.

"நம்ம ஊருல ஏழு ஆச்சி சேர்ந்து என்ன பண்றது? ஒரு வீட்டுக்கு நாப்பது பங்காளி. கையெழுத்து வாங்குறதுக்குள்ள கூரை விழுந்துடும்" என்றார் அம்மா.

ஆற்றங்கரைத் தெருவுக்குச் செங்குத்தான கல்படி. 'உங்கள் பொறுப்பில் இறங்கவும்' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கீழே பாவியிருக்கும் கல், சரக்கில்லாத கப்பல்கள் ஆடாமலிருக்கப் பாரத்துக்காக ஏற்றிவந்து இங்கே கொட்டியது. கல்லை இறக்கிவிட்டுப் பருத்தியை ஏற்றிக்கொண்டு போவார்கள். அடிமைகள் பறித்த பருத்தி. மேலே வரிசையாக நிற்பவை பருத்தித் தரகர்களின் அலுவலகங்கள். "மண்டி" என்று ஒரே சொல்லில் அம்மா முடித்துவிட்டார். ஆற்றில் ஒரு கன்டெய்னர் கப்பல் எதிர்க்கரையை மொத்தமாக மறைத்துக்கொண்டு போனது.

திரும்பும்போது விடுதித் தாழ்வாரத்தின் கூரை வெளிர் நீலமாக இருப்பதைக் கவனித்தோம். குல்லா கீச்சி மக்களின் நம்பிக்கை அது. இங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். பேயால் தண்ணீரைத் தாண்ட முடியாதாம், நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்துத் திரும்பிவிடுமாம்.

அம்மா யோசித்தார். "வாசல்ல நீலம் அடிச்சு வெரட்டுறாங்க. மாடியில வெச்சுக் காசு வாங்குறாங்க. கெட்டிக்காரங்கதான்."

மறுநாள் காலை எட்டரைக்கு எல்லாரும் ஒரே பெரிய மேசையில் சாப்பிடவேண்டும் என்பது இந்த மாதிரி விடுதிகளின் சம்பிரதாயம். கிரிட்ஸ் வந்தது. வெள்ளை மக்காச்சோள ரவையைக் குழையக் கிண்டி வெண்ணெய் போட்டது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "கட்டி தட்டாம கிண்டியிருக்கா, கைப்பக்குவம் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். கையோடு பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வெளியே வந்தது.

எதிரே ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்தப் பெண் ஸ்பூனையே தொடவில்லை.

"விடிகாலை நாலரைக்கு நான் அவளைப் பார்த்தேன்" என்றாள்.

மேசை அமைதியானது. விடுதிக்கார அம்மாள் காபிக் குடுவையைக் கீழே வைத்தார். வெள்ளை நீள உடையாம். தோள் முழுக்க விரிந்த ஈரக் கூந்தலாம். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி படி இறங்கினாளாம். "அப்புறம் ஒரு வாசனை. ஏதோ பழங்கால மூலிகை மாதிரி, மூக்கில் ஏறியது."

அமிர்தாஞ்சன்.

என் மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தாள். தூக்கம் பிடிபடாத அம்மா நாலு மணிக்கே தலைக்குக் குளித்து, வெள்ளை நைட்டியோடு, கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு, காபிக்குப் பால் தேடிக் கீழே போய்வந்தது எங்களுக்குத் தெரியும். விடுதிக்கார அம்மாள் அதற்குள் தோல் அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டுவந்து தேதி, நேரம், வாசனை எல்லாம் குறித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

"என்னடா சொல்றாங்க?" என்றார் அம்மா, ஊறுகாயைத் தொட்டபடி.

காதோடு சொன்னேன். அம்மா பதறவில்லை, சிரிக்கவுமில்லை. கிரிட்ஸை வழித்து முடித்தார்.

"அப்ப நம்ம பில்லுல எவ்வளவு கழிப்பாங்கன்னு கேளு."