மூன்று துப்பாக்கி, அஞ்சு கிலோ தோட்டா

ஆகஸ்ட் 16, சனி

டெல்லிக்கு டிக்கெட் போட்டாச்சு. 22ஆம் தேதி காலை வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து (தூத்துக்குடி) சென்னை, அங்கிருந்து டெல்லி. துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் மூன்று பேருக்கும் போட்டி. எனக்கு 50 மீட்டர் புரோன், அதாவது படுத்துக்கொண்டு சுடுவது, அதுவும் மூத்தோர் பிரிவில். அக்கா மகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள். முக்கூடல் அண்ணாச்சிக்கு டிராப், பறக்கிற களிமண் தட்டைச் சுடுவது. களிமண் என்பது பெயரளவில்தான். சுண்ணாம்புக்கல் பொடியையும் பிட்ச் என்கிற தார் மாதிரிப் பொருளையும் சேர்த்து வார்த்த தட்டு அது.

ஒருவருக்கு .22 ரைஃபிள், ஒருவருக்குக் காற்றுத் துப்பாக்கி, ஒருவருக்கு 12 போர், அதாவது ரவை சிதறுகிற ஷாட்கன். மூன்றுக்கும் மூன்று விதமான சட்டம். டிக்கெட் போட அஞ்சு நிமிஷம் ஆனது. வேலை இனிமேல்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தேன். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்து வாங்கியது. யூஐஎன் என்கிற தனி அடையாள எண், துப்பாக்கியின் நம்பர், .22 என்ற அளவு, எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, அப்புறம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்ற ஒரு வரி. விமானம் ஏறுகிறவனுக்கு இந்த வரிதான் உயிர். முதலில் தமிழ்நாடு மட்டும் என்றிருந்ததை மனுப் போட்டு இந்தியா முழுவதும் என்று மாற்றி வாங்கியிருந்தேன். முடிகிற தேதியும் பார்த்துக்கொண்டேன். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷம் என்பது ஐந்து வருஷமானது. அதில் ஒரு ஆபத்து, மறந்தே போகும்.

இந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே 2024 தேர்தல் ஞாபகம் வருகிறது. மார்ச் 16 அன்று தேதி அறிவித்தார்கள். நடத்தை விதி வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். விளையாட்டுக்காரர்கள் விலக்கு கேட்டு மனுப் போடலாம். நான் போடவில்லை, சோம்பல். ஜூன் 4 ரிசல்ட் வந்த பிறகு போய் வாங்கினேன். போல்ட்டில், அதாவது தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற பாகத்தில், துரு. நான் தொட்டு எண்ணெய் போட்டு வைத்த சாமான், மூன்று மாதம் யாரோ ஒருவர் வீட்டு உரல் மாதிரி மூலையில் கிடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

விமான நிறுவனத்துக்கு போன். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு நிமிஷம் பாட்டு ஓடியது. மூன்றாவது ஆள்தான் விஷயம் தெரிந்தவர். அவர் கேட்டவை: லைசென்ஸ் நகல், போட்டிக்கான கடிதம், என்ஆர்ஏஐ (தேசிய ரைஃபிள் சங்கம்) அட்டை, துப்பாக்கியின் நம்பர், தோட்டாவின் எடை. எண்ணிக்கையைக் கேட்கவில்லை, எடையைக் கேட்டார்.

விமானத்தில் ஒரு ஆளுக்குத் தோட்டா 5 கிலோதான். அதுவும் பெட்டியோடு சேர்த்து. கையில் எடுத்துப்போக முடியாது, செக்-இன் சாமானில் மட்டும், நிறுவனத்தின் சம்மதத்தோடு. 1.4எஸ் என்று வகைப்படுத்திய தோட்டாவாக இருக்கவேண்டும். தவறிப்போய் ஒன்று வெடித்தாலும் சேதம் பெட்டிக்குள்ளேயே அடங்குகிற மாதிரிப் பொதிந்தவை அவை. அதனால்தான் உதிரியாகப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகமுடியாது. கம்பெனி அட்டைப் பெட்டியில் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் நிற்கவேண்டும்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அஞ்சு கிலோவா? ஒரு மூட்டை உளுந்துல தூசி தும்பே அவ்வளவு இருக்குமே வே" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று முக்கூடலில் அண்ணாச்சி கடை. மதியம் ஆள் இல்லாத நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கருப்பட்டியும் பருப்பும் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் தோட்டாவை ஏற்றினோம்.

முதலில் என்னுடையது. .22 தோட்டா 50 கொண்ட பெட்டி 180 கிராம். எட்டுப் பெட்டி, 400 தோட்டா, 1 கிலோ 440. அவ்வளவுதான். போட்டிக்கு 60, அதற்கு முன் குறி சரிபார்க்கக் கொஞ்சம், மீதி பயிற்சிக்கு. எல்லாம் ஒரே லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரித்தவை. .22இல் இது ஒரு பைத்தியம்: ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் லாட் மாறினால் என் குழலுக்குப் பிடிக்காது. 50 மீட்டரில் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பித்தான் அளவு. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கை வீசிக்கொண்டு போகாததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் அண்ணாச்சியுடையது. 12 போர், தோட்டாவுக்கு 24 கிராம் ஈய ரவை. 25 கொண்ட பெட்டி ஐந்தை அடுக்கினார். 4 கிலோ 660. முகத்தில் வெற்றிக் களை. "125 ஆச்சு. சரியாப் போச்சு பாத்தியா?"

"பெட்டியை வைங்க அண்ணாச்சி."

அவருடைய அப்பா காலத்து இரும்புப் பெட்டி, பூட்டுக் கொக்கி வைத்தது. வெறும் பெட்டி மட்டும் 740 கிராம். ஆகமொத்தம் 5 கிலோ 400. அண்ணாச்சி தராசையே முறைத்தார். நாற்பது வருஷமாக அவர் பேச்சைக் கேட்டுவந்த தராசு.

ஒன்றொன்றாக எடுத்தோம். பன்னிரண்டாவது தோட்டாவை எடுத்தபோதுதான் 4 கிலோ 968 காட்டியது. 113 மிச்சம். டிராப் தகுதிச் சுற்றில் 125 தட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெடி வரைக்கும் அனுமதி. முதல் வெடியிலேயே எல்லாத் தட்டையும் உடைக்கிறவனுக்கே 125 வேண்டும். மீதியை டெல்லியில் வாங்கி லைசென்ஸில் பதிந்துகொள்ளவேண்டியதுதான்.

அண்ணாச்சி விடுவதாயில்லை. "உன் கணக்குல மூணரை கிலோ சும்மாதானே கெடக்கு? என் பெட்டி மூணை நீ வச்சுக்கயேன்."

அது ஆகாது. இரண்டு பேர் அளவைச் சேர்த்து ஒரே பொதியாக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அவரவர் உபயோகத்துக்கு அவரவர் 5 கிலோ. அதோடு என் லைசென்ஸ் .22க்கு. அதை வைத்துக்கொண்டு 12 போர் தோட்டாவோடு கவுண்டரில் நின்றால் டெல்லிக்கு இல்லை, வேறு இடத்துக்குத்தான் போவேன். எடுத்துச் சொன்னதும் "சரி விடு" என்று அந்தப் பன்னிரண்டையும் எண்ணி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். கிளம்பும்போது கால் கிலோ கருப்பட்டி பொட்டலம் கட்டித் தந்தார். அதை நிறுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன் இரவு

அக்கா வீடு, பாளையங்கோட்டை. பிள்ளை தன் ரைஃபிளைக் கழற்றி வைத்திருந்தாள். இவளுக்கு லைசென்ஸ் கிடையாது, வேண்டியதும் இல்லை. 2016 ஆயுத விதிப்படி .177 அளவு, 20 ஜூல் சக்திக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு விலக்கு. ஈயக் குண்டில் வெடிமருந்தே கிடையாது என்பதால் அந்த 5 கிலோ கணக்கும் இவளுக்கு இல்லை. இவளுக்கு வந்த வம்பு சிலிண்டர். 200 பார் வரை காற்றடைத்த அலுமினியக் குழாயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கழற்றி, காலி செய்து, அழுத்தமானி பூச்சியம் காட்டவேண்டும்.

முற்றத்தில் வைத்துத் திறந்தாள். உஸ்ஸென்று ஒரு நிமிஷத்துக்கு மேல் இரைச்சல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "மாமா, தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு" என்று நீட்டினாள். ஆமாம், சர்பத் பாட்டில் மாதிரி வேர்த்திருந்தது. காற்று விரிந்து வெளியேறும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

அதன் பிறகு என் முறை. ரைஃபிளிலிருந்து போல்ட்டை உருவித் தனியாக வைத்தேன், குழலின் பின்வாயில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் செருகினேன், பெட்டிக்கு இரண்டு பூட்டு. கான்வாஸும் தோலுமாகத் தைத்த சுடும் சட்டையை உதறிப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியாகக் கையில் எடுத்துப் போகிற முதுகுப்பை. இதே பையைத்தான் போன மாதம் மதுரைக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். நான்கு அறைகளையும் காலி செய்து, திருப்பிப் போட்டுத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. ஏதோ தோன்றி, அடித்தையலை விரலால் தடவினேன்.

உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் பயறு போல ஒன்று நெருடியது. ஒரு ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. ஊக்கை விட்டுத் தள்ளினேன். பித்தளை மினுக்கலோடு ஒரு .22 வெளியே வந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. சுடாத தோட்டா.

அக்கா "என்னடா அது, சாவியா?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை.

நாளைக்காலை ஸ்கேனரில் இது தெரிந்திருக்கும். லைசென்ஸ் இருக்கிறது, தோட்டாவும் என்னுடையதுதான். ஆனால் அறிவிக்காமல் கைப்பையில் வைத்திருப்பது வேறு கதை. தெரிந்தே வைத்திருந்தால்தான் ஆயுதச் சட்டத்தில் குற்றம் என்று 1972இலேயே உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. சொல்லட்டும். அதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்கையில் விமானம் சென்னை போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒன்றைப் பெட்டியில் மற்றவற்றோடு சேர்க்கவும் இல்லை; அறிவித்த எண்ணிக்கை 400. அத்தானின் பீரோவில் பூட்டிவிட்டு, முதுகுப்பையையும் அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டு சட்டையும் கருப்பட்டியும் துணிக்கடைக் கட்டைப்பையில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்று மணி நேரம் முன்னதாகவே வாகைகுளம் போய்ச் சேர்ந்தோம். புது முனையம், போன மாதம்தான் திறந்தது, தரை கண்ணாடி மாதிரி. வாசலில் தள்ளுவண்டி கொடுத்த பையன் என் நீளப் பெட்டியைப் பார்த்து "வீணையா சார்?" என்றான். ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. விமான நிலையத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விளையாட்டுப் பேச்சு கூடாது என்பது எனக்கு நானே போட்டிருக்கிற சட்டம்.

அண்ணாச்சியும் நானும் சுலபமாக முடித்துக்கொண்டோம். லைசென்ஸைக் காட்டி, படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, தனி அறையில் பெட்டியைத் திறந்து, நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, குழல் காலி என்று காட்டி, மறுபடி பூட்டினோம். தோட்டா தனிப் பெட்டி, தனிச் சீட்டு. அண்ணாச்சியின் இரும்புப் பெட்டி அவர்கள் தராசில் 4.97. எங்களைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார், ஏதோ மார்க் வாங்கியது போல.

மாட்டிக்கொண்டது லைசென்ஸே தேவையில்லாத பிள்ளைதான். கவுண்டரில் இருந்த தம்பி "துப்பாக்கின்னா லைசென்ஸ் வேணும்" என்பதிலேயே நின்றார். இதற்கு வேண்டாம் என்றால், "அப்போ இது பொம்மையா? பொம்மைன்னா ஏன் அறிவிக்கிறீங்க?" என்றார். சட்டத்துக்கு இது லைசென்ஸ் வேண்டாத பொருள். விமானத்துக்கு இது ஆயுதம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்பதை ஒரு மனிதருக்குக் காலை ஆறரை மணிக்குப் புரியவைப்பது லேசில்லை. நாற்பது நிமிஷம் ஆனது. கடைசியில் விதியின் அச்சுப் பிரதி, வாங்கிய ரசீது, அவளுடைய என்ஆர்ஏஐ அட்டை மூன்றையும் மேலதிகாரி பார்த்து, சிலிண்டர் மானியை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை அழவில்லை. விமானம் ஏறிய பிறகு "மாமா, நான் .22க்கு மாறிடட்டா, லைசென்ஸாவது இருக்கும்" என்றாள்.

எடை தனிக் கதை. உள்நாட்டுச் சீட்டுக்கு 15 கிலோ. அவள் ரைஃபிளே 5 கிலோவை ஒட்டி, மேலே பெட்டி, சட்டை, பேண்ட், பூட்ஸ். கூடுதலுக்குப் பணம் கட்டினோம். நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, ராத்திரி முழுக்க ஒரு கால் பெட்டி மேலேயே வைத்துத் தூங்கலாம். காசு மிச்சம், தூக்கம் நஷ்டம்.

டெல்லியில் பெட்டிகள் பெல்ட்டில் வரவில்லை. எல்லாரும் போன பிறகு ஊழியர் ஒருவர் கையிலேயே கொண்டுவந்து, லைசென்ஸ் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அதுவரை அண்ணாச்சி உட்காரவே இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

போட்டி முடிந்தது. என் மார்க்கை எழுதுகிற மாதிரி இல்லை; லாட் நம்பரைக் குறை சொல்லவும் வழியில்லை. பிள்ளை தன் சொந்த அளவைத் தாண்டிவிட்டாள், அது போதும். அண்ணாச்சி புதுக்கோட்டைப் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட அதே டிராப்பைத்தான் தானும் சுடுவதாக எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னார், எண்ணிக்கையை மட்டும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

திரும்பி வந்தாச்சு. திரும்பும்போது தோட்டா குறைவு, பேச்சும் குறைவு. நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, அக்கா கொழுக்கட்டைக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். மீதித் தோட்டாவை எண்ணி நோட்டில் எழுதினேன்: 171. அத்தான் பீரோவிலிருந்த ஒன்றையும் சேர்த்து 172.

ஆகஸ்ட் 30, சனி

காலை ஏழு மணிக்கு அண்ணாச்சி போன். நேற்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினாராம், கொக்கி வைத்தது, பூட்டும் போடலாமாம். கடை திறந்ததும் முதல் வேலையாகத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"310 கிராம் வே. இப்பக் கூட்டு."

கூட்டினேன். 4 கிலோ 970.

"125ம் உள்ள போயிரும்" என்றார்.