ரியாக்ட் 17-லிருந்து 18: மேம்படுத்தல் நாட்குறிப்பு

மார்ச் 4
ரியாக்ட் என்பது இணையத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் "^17.0.2" என்று இருக்கும்வரை 18 தானாக வந்துவிடாது, எண்ணைக் கையால் மாற்ற வேண்டும். ரியாக்ட், அதைப் பிரவுசர் பக்கத்தோடு (டாம்) இணைக்கும் ரியாக்ட்-டாம் இரண்டும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். நிறுவியதும் 'என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்' ஓட்டிப் பார்க்கலாம். ஏதாவது பழைய பேக்கேஜ் 17-ஐத் தனியாக வைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். இரண்டு பிரதிகள் சேர்ந்து ஓடினால் 'இன்வேலிட் ஹுக் கால்' பிழைதான்.

18-இல் செயலியைத் தொடங்கும் புது அழைப்பான கிரியேட்ரூட்டை இன்று தொடவில்லை. பழைய ரெண்டர் அழைப்பு இருக்கும்வரை 18-உம் 17 போலவே நடக்கும். கன்சோலில் எச்சரிக்கை மட்டும் வரும். அதனால் நிறுவல் ஒரு கமிட், கிரியேட்ரூட் வேறு கமிட். பிரச்சினை வந்தால் இரண்டாவதை மட்டும் திருப்பிவிடலாம்.

மார்ச் 6
கிரியேட்ரூட் போட்டாயிற்று. டெவலப்மென்ட்டில் ஒவ்வொரு ஏபிஐ அழைப்பும் இரண்டு முறை போகிறது. பிழைகளை முன்கூட்டியே காட்டும் ஸ்ட்ரிக்ட்மோட் இப்போது ஒவ்வொரு காம்போனென்ட்டையும் ஏற்றி, கழற்றி, மறுபடி ஏற்றுகிறது. புரொடக்‌ஷன் பில்டில் இது கிடையாது. ஸ்ட்ரிக்ட்மோடைத் தூக்குவது வைத்தியமே அல்ல. ரெண்டருக்குப் பின் வேலை செய்யும் யூஸ்எஃபெக்ட் திருப்பித் தரும், கழற்றும்போது ஓடும் ஃபங்ஷனில் டைமரை நிறுத்த வேண்டும், சாக்கெட்டை மூட வேண்டும், ஃபெட்சை அபார்ட்கன்ட்ரோலரால் ரத்து செய்ய வேண்டும். ரத்தானதும் 'அபார்ட்எரர்' கேட்சுக்குள் விழும். பெயரைப் பார்த்து அதை ஒதுக்காவிட்டால் "தரவு கிடைக்கவில்லை" என்ற செய்தி திரையில் மின்னி மறையும்.

மார்ச் 7
இன்றைய பிழை புரொடக்‌ஷனிலும் வரும், ஆகவே ஆபத்தானது. அரட்டைப் பட்டியலில் புதுச் செய்தி வந்தால் ஸ்க்ரோல் அதற்கு முந்தைய செய்தியோடு நின்றுவிடுகிறது. 17-இல் அவெய்ட்டுக்குப் பிறகு தரவை மாற்றும் செட்ஸ்டேட்டை அழைத்தால் உடனே ரெண்டர் ஆகும். அடுத்த வரியில் ஸ்க்ரோல்ஹைட் புது உயரத்தைத் தரும். 18 அந்த மாற்றங்களையும் சேர்த்து வைத்துப் பிறகுதான் ரெண்டர் செய்கிறது. அடுத்த வரியில் கிடைப்பது பழைய உயரம்.

ஸ்க்ரோல் வரியை திரையில் வரையும் முன் ஓடும் யூஸ்லேஅவுட்எஃபெக்ட்டுக்குள் நகர்த்தி, செய்திப் பட்டியலை டிபென்டென்சியாகக் கொடுத்தால் சரியாகிறது. உடனே ரெண்டர் செய்யவைக்கும் ஃப்ளஷ்சிங்க் அவசரத்துக்கு மட்டும். எல்லாக் கோப்பையும் துழாவ வேண்டாம்: கிளிக் ஹேண்ட்லருக்குள் நேராக நடப்பதை 17-உம் சேர்த்தே செய்தது. அவெய்ட், தென், செட்டைம்அவுட் இவற்றுக்குப் பின் டாம் அளவைப் படிக்கும் வரிகளைத் தேடினால் போதும்.

மார்ச் 10
ரியாக்ட் டெஸ்ட்டிங் லைப்ரரியை 13-க்கு ஏற்றினால்தான் டெஸ்ட்டுகளும் கிரியேட்ரூட்டில் ஓடும். டைப்ஸ்கிரிப்ட்டில் ரியாக்ட் 18 டைப்புகள் வந்ததும் எஃப்சி-இல் (ஃபங்ஷன் காம்போனென்ட்டின் டைப்) சில்ட்ரன் தானாக இருக்காது; சிவப்புக் கோடு விழும் இடத்தில் ப்ராப்ஸ் டைப்பில் ரியாக்ட்நோட் என்று எழுதிச் சேர்க்க வேண்டும்.