நைட் ஷிஃப்ட் டைரி: காது மெஷினும் க்ளெய்மும்

ஜூன் 9, 2025, திங்கள்

ப்ராஜக்ட் மாத்திட்டாங்க, கார்டியாலஜிலேருந்து ஆடியாலஜி, அதாவது இதயத்துலேருந்து காதுக்கு. சென்னைல உக்காந்து அமெரிக்க க்ளினிக்குகளுக்கு ஏஆர் காலிங், அதாவது அவங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஃபோன் பண்றதுதான் என் வேலை. முதல் அக்கவுண்ட்டே ஒரு தாத்தா, ரெண்டு காதுக்கும் மெஷின், அங்க வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸான மெடிகேர், பணம் கிடையாதுன்னு டினையல் அனுப்பியிருக்கு. புதுசா சேந்த பொண்ணு "அக்கா அப்பீல் போடலாமா"ன்னு கேட்டா. இதுக்குப் போட்டும் பிரயோஜனம் இல்லம்மா. 1965ல மெடிகேர் வந்தப்பவே காது மெஷினுக்குப் பணம் கிடையாதுன்னு சட்டத்துல எழுதிட்டாங்க, அரசாங்கமே நேரா நடத்துற ஒரிஜினல் மெடிகேர்ல இன்னைக்கும் அதேதான், டாக்டர் எவ்ளோ நல்லா லெட்டர் குடுத்தாலும் ஃபோன்ல பேசுற இன்சூரன்ஸ் ரெப் என்ன பண்ணுவார். ஆனா ஆபரேஷன் பண்ணி உள்காதுல வெக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு உண்டு, அது ப்ரோஸ்தெடிக், அதாவது செயற்கை உறுப்பு கணக்குல வருது. அதுலயும் மெஷின் போட்டு டெஸ்ட் பண்ணும்போது சொல்ற வாக்கியத்துல 60 சதவீதத்துக்கு மேல புரிஞ்சா கிடைக்காது, 2022க்கு முன்னாடி அந்த லிமிட் 40 சதவீதம். காது நல்லா கெடுற வரைக்கும் காத்திருன்னு சொல்ற மாதிரி இருக்கு, எனக்கு மனசே ஆறல.

ஜூன் 11, புதன்

அதே தாத்தா. முன்னாடி வேலை பாத்த இடத்தோட ரிட்டையர்மெண்ட் ப்ளான் செகண்டரியா, அதாவது ரெண்டாவது இன்சூரன்ஸா இருக்கு, அதுல காது மெஷினுக்கு பெனிஃபிட் இருக்கு! ஆனா அவங்க மெடிகேரோட டினையலைப் பாக்காம ப்ராசஸ் பண்ண மாட்டாங்க. அதனால டினையல் வரணும்னே க்ளெய்ம் போடணும், ஜிஒய் மாடிஃபையரோட, அதாவது இது மெடிகேர்ல வராததுன்னு நாமளே சொல்ற கோடோட. அப்படிப் போட்டா பதில்ல பிஆர் 96ன்னு ஒரு கோட் வரும், பொறுப்பு பேஷண்டோடதுன்னு அர்த்தம், அதை வெச்சு செகண்டரிக்கு அனுப்பலாம். பிஆருக்குப் பதிலா சிஓன்னு வந்தா பேஷண்ட்கிட்ட கேக்க முடியாது, க்ளினிக்தான் அந்தப் பணத்தை விட்டுக் குடுத்து ரைட் ஆஃப் பண்ணணும். ரெண்டே ரெண்டு எழுத்து, யார் கைக்காசு போகுதுன்னு அதுதான் முடிவு பண்ணுது. பழைய க்ளெய்ம்ல மாடிஃபையரே இல்ல, கரெக்ட் பண்ணி திரும்ப அனுப்பியாச்சு.

ஜூன் 12, வியாழன்

இன்னைக்கு ஒரு குழந்தை கேஸ், மெடிகெய்ட் ப்ளான், அதாவது வருமானம் கம்மியா இருக்கவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ். காது மெஷின் ஏற்கனவே இருக்கு, இப்ப கேக்குறது எஃப்எம் சிஸ்டம், பில்லிங் கோட் வி5282, அதாவது பேசுறவங்க மைக் மாட்டிக்கிட்டா அவங்க குரல் நேரா ரெண்டு காதுக்கும் போகும், மெஷின் மட்டும் இருந்தா தூரத்துல பேசுறதும் சுத்தி இருக்க சத்தமும் எல்லாம் ஒண்ணா கலந்துடும். டினையல் காரணம், "கல்விப் பயன்பாடு". ஸ்கூல்ல அது தேவைன்னா ஸ்கூல் குடுக்கணும், அதுக்குத் தனி சட்டம் இருக்கு, சரி. ஆனா அது ஸ்கூல் பொருள், நிறைய இடத்துல சாயந்திரம் அங்கேயே வெச்சுட்டு வரணும். வீட்ல அம்மா சமையல்கட்டுலேருந்து கூப்பிட்டா? கார்ல பின் சீட்ல உக்காந்திருந்தா? குழந்தை பேச்சு கத்துக்கிறது வீட்லதானே. 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மெடிகெய்ட்ல இபிஎஸ்டிடின்னு ஒரு கட்டாயம் இருக்கு, மருத்துவரீதியா தேவைன்னா காது சம்பந்தப்பட்டதைக் குடுத்தே ஆகணும். டீம் லீடர்கிட்ட சொல்லி ஆடியாலஜிஸ்ட்கிட்ட லெட்டர் கேட்ருக்கேன், வீட்ல ஏன் வேணும்னு தெளிவா எழுதச் சொல்லி.

ஜூன் 14, சனி

லீவு. அப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஆடியோகிராம், அதாவது காது டெஸ்ட் எடுத்தோம். ரெண்டு காதும் 50 டெசிபல் பக்கம் போயிருக்கு. கம்பெனி பாலிசில அப்பாவும் இருக்கார், ஆனா விலக்கு லிஸ்ட்ல கண்ணாடி, காண்டாக்ட் லென்ஸ், காது மெஷின்னு வரிசையா இருக்கு. அரசாங்கத்துல காதுக்குப் பின்னால மாட்டுற கருவி இலவசமா குடுக்கறாங்களேன்னு அம்மா கேட்டாங்க, அதுக்கு மாற்றுத்திறனாளி சான்று வேணும், 2016 சட்டப்படி ரெண்டு காதும் 60 டெசிபலாவது போயிருக்கணும். 80டிடி வரிச்சலுகைக்கும் சான்றுதான் கேக்குறாங்க. மிச்சம்னு பாத்தா மெஷினுக்கு ஜிஎஸ்டி இல்ல, அவ்ளோதான். அங்கயும் இங்கயும் ஒரே கதை, சீக்கிரம் மெஷின் போட்டு நல்லா பழகக்கூடிய ஆளுக்குத்தான் எந்தக் கதவும் திறக்கல. அப்பா இப்பல்லாம் ஃபோனை எடுத்து உடனே அம்மாகிட்ட குடுத்துடறார். முழுக் காசும் கையிலேருந்துதான், இருந்தாலும் அடுத்த வாரம் ட்ரையலுக்கு வரோம்னு சொல்லிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

குழந்தை கேஸுக்குக் கேட்ட லெட்டர் வந்துடுச்சு, ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. அப்பீல் போட்டு, போய்ச் சேந்துடுச்சான்னு ஃபோன்ல கன்ஃபர்ம் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கியாச்சு, 30 நாள் ஆகும்னு ரெப் சொன்னார். இதுவும் டினை ஆனா ஸ்டேட்ல ஃபேர் ஹியரிங், அதாவது மேல்விசாரணை கேக்கலாம்னு குழந்தையோட அம்மாவுக்குச் சொல்லும்படி க்ளினிக்குக்கு மெயில் போட்டுட்டேன். தாத்தா க்ளெய்ம் பிஆர் 96ஓட வந்துடுச்சு, இன்னைக்கே செகண்டரிக்குப் போகுது.